இனாமும் மாமூலும்

அரபு நாட்டிலிருந்து புறப்பட்டு வந்து நம் தமிழில் குடியேறிவிட்ட சொற்கள் பல. அவற்றுள் இரண்டு, அடுத்தடுத்த வீட்டில் வாழ்ந்தும் முகம் பாராத பங்காளிகளைப் போன்றவை. ஒன்று இனாம், மற்றொன்று மாமூல். இனாம் என்றால் கொடை. கொடுப்பவர் மனமுவந்து அளிப்பது. மாமூல் என்பதற்கு வழக்கமாக நடந்துவருவது என்பதே மூலப் பொருள். அச்சொல் நம் கடைத்தெருவில் என்ன பொருளில் வழங்குகிறது என்பதை வாசகர்களுக்கு நாம் விளக்க வேண்டியதில்லை. நேற்று உவந்து கொடுத்தது இன்று வழக்கமாகிறது. நாளை அதைக் கொடுக்கத் தவறினால் குற்றமாகிவிடுகிறது. இனாம் எந்த இடத்தில் மாமூலாக மாறுகிறது என்ற கேள்வி, ஓர் உணவு மேசையில் நம்மைப் பிடித்துக்கொண்டது.

சில மாதங்களுக்கு முன் கடலூரில் மருத்துவமனையில் இருந்த உறவினர் ஒருவரைப் பார்த்துவிட்டு, மஞ்சக்குப்பத்தில் ஓர் உணவகத்திற்குச் சென்றோம். நம்முடன் மைத்துனர் மகனும் வந்திருந்தார். பரங்கிப்பேட்டைக்காரர், மேல்நாட்டு உல்லாசக் கப்பல் ஒன்றில் பணிபுரிபவர், ஒப்பந்தக் காலம் முடிந்து விடுமுறையில் வந்திருந்தார். உண்டு முடித்ததும் பில் வந்தது. 1,840 ரூபாய்க்கு உணவு. அதன்கீழ்ச் சேவைக் கட்டணம் என்று 92 ரூபாய் சேர்க்கப்பட்டிருந்தது.

நமக்குச் சட்டம் தெரியும் என்ற மிடுக்கு வந்துவிட்டது. உணவகங்கள் இத்தகைய கட்டணத்தைத் தாமாகவே பில்லில் சேர்க்கக் கூடாது, வேறு பெயரிலும் வாங்கக் கூடாது, அது வாடிக்கையாளரின் விருப்பத்தைப் பொறுத்தது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலை 4ஆம் நாள் நெறிமுறை வெளியிட்டது. உணவக உரிமையாளர் சங்கங்கள் வழக்குத் தொடுத்தன. தில்லி உயர்நீதிமன்றம் அதே மாதத்தில் இடைக்காலத் தடை விதித்தாலும், 2025 மார்ச் 28ஆம் நாள் அளித்த தீர்ப்பில் நெறிமுறை செல்லும் என்றே கூறிவிட்டது. இதையெல்லாம் கல்லாவில் இருந்தவரிடம் எடுத்துரைத்தோம். அவர் வாதாடவில்லை. பேனாவை எடுத்து அந்த வரியை அடித்துக் கொடுத்தார். வெற்றி பெற்றவராய் மேசைக்குத் திரும்பினோம்.

“மாமா, 92 ரூபாயை எடுத்துட்டீங்க. அந்தப் பையனுக்கு என்ன குடுக்கப் போறீங்க?” என்று கேட்டார் மைத்துனர் மகன்.

சட்டைப் பையில் கைவிட்டோம். ஒரு இருபது ரூபாய்த் தாளும், ஐந்நூறு ரூபாய்த் தாள்களுமே இருந்தன. வாசகர் எதை வைத்தோம் என்று ஊகித்திருப்பார்.

வீடு திரும்பும் வழியில்தான் அவர் கப்பல் வழக்கத்தைச் சொன்னார். முற்காலத்தில் உல்லாசக் கப்பல்களில் பயணத்தின் கடைசி இரவன்று பயணிகள் உறைகளில் பணம் வைத்து, தம் அறையைப் பேணியவருக்கும் உணவு பரிமாறியவருக்கும் நேரில் கொடுப்பது மரபு. அன்றிரவு மட்டும் உணவுக்கூடத்தின் பக்கம் தலைகாட்டாத பயணிகளும் உண்டு. காரணம் சொல்ல வேண்டியதில்லை. பயணிகள் ஒரே மேசையில், ஒரே பரிமாறுபவரிடம் உண்ட காலம் மாறி, விரும்பிய இடத்தில் விரும்பிய நேரத்தில் உண்ணும் முறை 2000ஆம் ஆண்டையொட்டிப் பரவியபின், யாருக்கு உறை கொடுப்பது என்பதே குழப்பமாயிற்று. அப்போதுதான் ஆளுக்கு இத்தனை, நாளுக்கு இத்தனை என்று பயணியின் கணக்கில் தானாகவே ஏறும் இனாம் வேரூன்றியது. பெரிய அமெரிக்கக் கப்பல்களில் இன்று அது ஒருவருக்கு நாளொன்றுக்கு 15 டாலருக்கு மேல். 16 டாலர் என்று கொண்டாலும் கணவன் மனைவி இருவருக்கு ஏழு நாள் பயணத்தில் 224 டாலர் ஆகிறது. பல கப்பல்களில், வேண்டாம் என்று சொல்லி அதை நீக்கிக்கொள்ளவும் பயணிக்கு உரிமை உண்டு. “கடைசி நாள் அந்தக் கவுண்டர்ல வரிசை நிக்கும் மாமா. எல்லாரும் சொல்றது ஒண்ணுதான், நாங்க நேர்லயே குடுத்துக்கிறோம்னு.”

நேரில் கொடுப்பார்களா என்று கேட்டோம். சிலர் தாராளமாகக் கொடுப்பார்கள் என்றார். மற்றவர்களைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. நம் இருபது ரூபாயை அவர் பார்த்திருந்தார்.

அவருடைய அனுபவத்தில் நம்மைச் சிந்திக்க வைத்த பகுதி இனிமேல்தான் வருகிறது. முதல் ஒப்பந்தத்தில் அவருக்குக் கிடைத்தது சலவைப் பகுதி. கப்பலின் அடித்தளத்தில், சன்னல் இல்லாத கூடத்தில், ஆயிரக்கணக்கான துண்டுகளும் விரிப்புகளும் வெந்து வெளிவரும் இயந்திரங்களுக்கிடையே எட்டு மாதம். அந்த எட்டு மாதத்தில் ஒரு பயணியின் முகத்தையும் அவர் கண்டதில்லை. அவர் முகத்தை ஒரு பயணியும் கண்டதில்லை. கணக்கில் தானாக ஏறும் தொகையில் அடித்தளத்திற்கும் ஒரு பங்கு உண்டு. வீட்டுக்கு அனுப்பிய பணத்தில் அந்தப் பங்கும் இருந்தது. அந்நாளில், தானாகப் பிடிப்பதே நீதி என்று அவர் உறுதியாக நம்பினார். இரண்டாம் ஒப்பந்தத்தில் அறை ஊழியராக மேல்தளத்திற்கு வந்தார். பயணிகள் பெயர் சொல்லி அழைத்தார்கள். கையில் தாள்களை வைத்தார்கள். ஆறே வாரத்தில் தம் கருத்து மாறிவிட்டது என்றார். உழைப்பது நாம், சிரிப்பது நாம், நம் பங்கைக் கீழே உள்ளவனுக்கு ஏன் பிரிக்கிறார்கள் என்று தோன்றியதாம். “நேத்து வரைக்கும் நான்தானே மாமா கீழ இருந்தேன்” என்று சொல்லிவிட்டு வெகுநேரம் வெளியே பார்த்துக்கொண்டு வந்தார்.

கடற்பயணம் நம் பகுதி மக்களுக்குப் புதிதன்று. 1926இல் கட்டப்பட்ட ரஜுலா கப்பல் சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று எத்தனையோ சபராளிகளைச் சுமந்தது. பின்னர், நம் அண்டை ஊரின் பெயரையே தாங்கிய எம்.வி. சிதம்பரம் அதே கடல் வழியில் ஓடி, 1985 பிப்ரவரியில் தீக்கு இரையாகி உயிர்களைப் பலிகொண்டது. அக்காலப் பயணங்களைப் பற்றி நம் வீட்டு மூத்தோர் ஒருவர் சொல்வதுண்டு. எந்தக் கப்பல் என்பது நமக்கு நினைவில்லை. கைக்குழந்தையின் பாலுக்கு வெந்நீர் வேண்டி மேல்தளத்துப் பயணிகள் வரிசையில் நிற்பார்களாம். பண்டாரியின் கையில் முதல் நாளே ஒரு வெள்ளி வைத்தவரின் கூஜா முதலில் நிரம்பும். வைக்க இயலாதவரின் குழந்தை அழுதுகொண்டே இருக்கும். (கப்பல் சமையற்காரருக்கு வழங்கிய அந்தப் பண்டாரி என்ற பெயர் நம் கல்யாண வீட்டு அடுப்படிக்கும் வந்து சேர்ந்தது தனிக் கதை.) கையோடு கை கொடுப்பதில் அன்பு உண்டு என்று பேசுகிறவர்கள் இந்த வெந்நீரையும் நினைத்துப் பார்க்க வேண்டும். உபகாரத்திற்குப்பின் கொடுத்தால் அது நன்றி. அதற்குமுன் கொடுத்தால் அதன் பெயர் வேறு.

ஜகாத் வசூலிக்க அனுப்பப்பட்ட ஒருவர் திரும்பி வந்து, இது உங்களுக்குரியது, இது எனக்கு அன்பளிப்பாக வந்தது என்று பிரித்து வைத்தபோது, பெருமானார் (ஸல்) அவர்கள் சினமுற்றார்கள். தம் பெற்றோர் வீட்டில் உட்கார்ந்திருந்தால் இந்த அன்பளிப்பு இவரைத் தேடி வந்திருக்குமா என்று வினவினார்கள். புகாரியில் இடம்பெறும் இச்செய்தி அதிகாரம் உடையவரைப் பற்றியது. பரிமாறும் ஏழைத் தொழிலாளியை அதனால் அடிப்பது முறையாகாது. அவர் பெறுவது நம்முடைய தயவை. அவருடைய பதவி நம்மிடமிருந்து பறிப்பதை அல்ல. அவருக்குப் பொருந்தும் செய்தி வேறொன்று உண்டு. பணியாளர் உணவைச் சமைத்துக் கொண்டுவந்தால் அவரையும் உடன் அமர்த்துங்கள், இயலாவிட்டால் ஓரிரு கவளமேனும் கொடுங்கள் என்று பெருமானார் (ஸல்) அவர்கள் பணித்தார்கள். அதற்கு அவர்கள் காட்டிய காரணத்தை நாம் பலமுறை எண்ணிப் பார்த்திருக்கிறோம். சமைத்தவர் இனிமையாகப் பேசினார் என்பதோ, பணிவாக நின்றார் என்பதோ அன்று காரணம். அடுப்பின் வெப்பத்தையும் புகையையும் தாங்கினார் என்பதே.

உணவைக் கொண்டுவருபவரும் வெப்பத்தைத் தாங்கியவரும் அன்று ஒருவரே. இன்று அவர்கள் இருவராகிவிட்டார்கள். நம் முன் வந்து சிரிப்பவர் ஒருவர். சுவருக்கு அப்பால் பாத்திரம் துலக்குபவர் இன்னொருவர். நம் கை நீளுவது கண்ணுக்குத் தெரிபவரை நோக்கியே. வெப்பத்திற்கும் புகைக்கும் உரிய கவளத்தைச் சிரிப்புக்குக் கொடுத்துவிட்டு வந்துவிடுகிறோம். இந்த வகையில் தானாகப் பிடிக்கும் முறைக்கு ஒரு நியாயம் இருக்கிறது என்பதை நாம் ஒப்புக்கொண்டே ஆகவேண்டும்.

ஆயின் அந்த நியாயம், பிடித்த பணம் போய்ச் சேரும் இடத்தைப் பொறுத்தது. மஞ்சக்குப்பத்தில் நாம் நீக்கிய 92 ரூபாய் முதலாளியின் பெட்டியில் தங்கியிருக்குமா, பையனின் கைக்குப் போயிருக்குமா என்று நமக்குத் தெரியாது, கேட்கவும் இல்லை. பிரிட்டனில் 2023இல் சட்டமியற்றி, 2024 அக்டோபர் முதல், இனாமாக வரும் தொகை முழுவதையும் தொழிலாளர்களுக்கே பகிர்ந்தளிக்க வேண்டும் என்று கட்டாயமாக்கினார்கள். கணக்கைக் காட்டச் சொல்லும் சட்டம் அது. அமெரிக்காவிலோ கதை தலைகீழ். இனாம் பெறும் தொழிலாளிக்கு முதலாளி தம் கையிலிருந்து தரவேண்டிய குறைந்தபட்சக் கூலி, கூட்டரசுச் சட்டப்படி மணிக்கு 2.13 டாலர். அது 1991 முதல் அசையாமல் நிற்கிறது. மற்றத் தொழிலாளிக்கு 7.25 டாலர். இடைவெளியை இனாம் நிரப்ப வேண்டும், நிரப்பாவிட்டால் முதலாளி ஈடுசெய்ய வேண்டும் என்பது ஏற்பாடு. ஆக, வாடிக்கையாளரின் தயாளம் முதலாளியின் செலவைக் குறைக்கப் பயன்படுகிறது. ஹக்காகக் கிடைக்க வேண்டியதை ஒரு மனிதன் புன்னகை செய்து இரந்து பெறுகிறான். இதை ஈகை என்று அழைக்க நமக்கு மனம் வரவில்லை.

கூலி கூலியாக இருக்கட்டும், விலையில் அடங்கட்டும். இனாம் அதன்மேல் வருவதாக இருக்கட்டும் என்பதே நம் கருத்து. பி அண்ட் ஓ என்ற பிரிட்டிஷ் கப்பல் நிறுவனம் 2019இல் நாள்தோறும் பிடித்த சேவைக் கட்டணத்தைக் கைவிட்டது. அப்படிச் செய்யலாம் என்பதற்கு அது சான்று. விலையையும் கொடையையும் கலந்து பேசும் பழக்கம் கப்பல்காரர்களுக்கு மட்டுமே உரியதும் அன்று. நம் மார்க்க நூல்களின் அட்டையில் விலை என்று போடக் கூசி ஹதியா என்று அச்சிடுகிறோம். அந்த ஹதியாவில் ஐந்து ரூபாய் குறைத்துக் கொடுத்தால் கடைக்காரர் நூலைத் தருவாரா?

கப்பல்கள் திருந்தும் வரை பயணி என்ன செய்வது என்று கேட்பவர்க்கு நாம் சொல்லக்கூடியது இவ்வளவே. தானாகப் பிடித்ததை நீக்காதீர். அதில் நீர் காணாத ஒருவரின் பங்கு இருக்கிறது. அதற்குமேல் உம் மனம் நெகிழ்ந்தால் கையில் கொடும். நேரில் கொடுப்பதாகச் சொல்லி வரிசையில் நிற்குமுன், உம் சட்டைப் பையில் எந்தத் தாள் இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளும். இதை அனுபவத்தில் சொல்கிறோம்.

மறுநாள் சிதம்பரத்தில் ஓர் அலுவல் இருந்தது. அதை முடித்துக்கொண்டு, பிள்ளைகள் கேட்டார்கள் என்று பிச்சாவரம் சென்றோம். சிதம்பரத்திற்குத் தில்லை என்ற பெயரை ஈந்த மரத்தை இன்று பார்க்க வேண்டுமானால் அந்த உப்பங்கழிக்குத்தான் போகவேண்டும். கட்டணத்தைச் சாளரத்தில் செலுத்திச் சீட்டுப் பெற்றோம். நடுவயதினர் ஒருவர் துடுப்பு வலித்தார். அலையாத்தி மரங்களின் வேர்கள் இருபுறமும் வளைந்து நீரில் இறங்கிய குறுகிய ஓடைகளில், வெயில் படாமல் எங்களைச் சுற்றிக் காட்டிவிட்டுக் கரைக்குக் கொண்டுவந்தார். மைத்துனர் மகன் நம்மை முந்திக்கொண்டு நூறு ரூபாயை அவர் கையில் வைத்தார். துடுப்புப் பிடித்துக் காய்த்துப்போன கை. அவர் அதை மடித்துக்கொண்டு, படகிலிருந்த நீரை டப்பாவால் இறைத்துக்கொண்டிருந்த ஒரு முதியவரிடம் சென்றார். மாற்றுத் தாள் வாங்கிப் பாதியை அவரிடம் கொடுத்துவிட்டார்.

அந்தப் பெரியவரின் கூலியில் இதுவும் சேர்த்தியா என்று கேட்டோம்.

“அதெல்லாம் இல்லீங்க. நேத்து அவரு வலிச்சாரு, நான் தண்ணி எறச்சேன்” என்றார். சொல்லிவிட்டு அடுத்த சீட்டுக்காரரை ஏற்றிக்கொள்ளப் போய்விட்டார். மைத்துனர் மகன் படகுத்துறையிலேயே நின்று, அந்த முதியவர் டப்பாவைக் கவிழ்த்து வைக்கும் வரை பார்த்துக்கொண்டிருந்தார்.