காயாத வெள்ளை

தை மாதம் ஸ்காபரோவில் உடுப்பை வெளியே காயப்போட்டால் விறைத்துப் பலகையாகிவிடும். எங்கள் வீட்டுக்குக் கொடி என்றால் பேஸ்மென்டில் நிற்கும் டிரையர்தான். அதற்குப் பொறுப்பு நான். முப்பது வருடம் யாழ்ப்பாணத்தில் சைவசமயம் படிப்பித்து, ஓய்வுபெற்று மகளிடம் வந்து சேர்ந்த எழுபத்துநான்கு வயதுக்காரனுக்குக் கிடைத்த உத்தியோகம் அது. மகள் ஆஸ்பத்திரியில் தாதி. இரவு வேலைக்கு ஆறு மணிக்குப் புறப்படுவாள். ஐந்தரைக்குள் நீலச் சீருடை காய்ந்து, மடித்து, மேசையில் இருக்கவேண்டும். அது நான் கொடுத்த வாக்கு.

போன தையில் அந்த வாக்குத் தவறியது. ஒரு மணித்தியாலம் ஓடிய பிறகும் இடுப்புப் பட்டியும் சட்டைப்பையும் ஈரம். இரண்டாம் தரம் ஓடவிட்டேன். சூட்டை உச்சத்துக்குத் திருப்பினேன். கதவைத் திறந்தால் முகத்தில் புழுக்கம் அடித்தது. உடுப்பு மட்டும் காயவில்லை. வெளியே மைனஸ் 17. ஈரச் சட்டையோடு படியேறி வந்து நின்றேன். மகள் வாங்கிப் போட்டுக்கொண்டாள்.

"பரவாயில்லை அப்பா, போட்டபடியே காய்ஞ்சிடும்."

மேலே குளிர்க்கோட்டை மாட்டிக்கொண்டு போய்விட்டாள். அன்றிரவு எனக்கு நித்திரையில்லை. திருக்குறிப்புத் தொண்ட நாயனாரை நினைத்துக்கொண்டு கிடந்தேன்.

காஞ்சிபுரத்தில் அடியார்களின் உடுப்பை வெளுத்துக் கொடுத்தவர் அவர். ஒரு குளிர்நாளில் சிவன் மெலிந்த ஏழையாக, அழுக்குக் கந்தையோடு வருகிறார். பொழுதுபடுமுன் தோய்த்து உலர்த்தித் தரவேண்டும், தராவிட்டால் இந்த உடம்பு தாங்காது என்கிறார். தொண்டர் ஒப்புக்கொண்டு தோய்க்கிறார். உலர்த்தப் போகும் நேரம் மழை பிடித்துக்கொள்கிறது. விடவேயில்லை. பொழுதும் பட்டுவிடுகிறது. உடுப்பு அடித்த கல்லிலேயே தலையை மோதப் போகிறார். ஒரு கை வந்து பிடிக்கிறது. நாவலர் வசனமாக்கிய பெரியபுராணத்தை வைத்துத்தான் இதைப் படிப்பித்தேன். ஒருமுறை ஒரு பெடியன் எழும்பிக் கேட்டான்: "சேர், மழையை அனுப்பினதே சிவன்தானே? பிறகேன் இவர் தலையை மோதினவர்?" "அது சோதனை. இருந்து எழுது" என்றேன். அவன் இருந்து எழுதினான்.

ஈரச் சட்டை அந்தக் கேள்வியைத் திரும்பக் கொண்டுவந்தது. பிழை யாருடையது?

அடுத்த நாள் காலை மெசினிடமிருந்து தொடங்கினேன். இந்த நாட்டில் டிரையருக்கு 240 வோல்ட், இரண்டு வழியாக வருகிறது. ஒரு வழி நின்றாலும் மோட்டார் 120இல் சுற்றிக்கொண்டிருக்கலாம், சூடுதான் வராது. பிரேக்கரைப் பார்த்தேன், சரி. சூடும் வந்தது. அடுத்தது, உள்ளே இருக்கும் இரண்டு உலோகப் பட்டிகள். ஈரத்துணி இரண்டையும் தொடும்போது அதனூடாகச் சிறிது மின்சாரம் கடக்கும். மெசின் ஈரத்தை அறிவது அப்படித்தான். வாசனைத் தாள் போட்டுப் போட்டு அவற்றில் மெழுகு படிந்தால், ஈரத்துணியையே காய்ந்ததாக எண்ணி நின்றுவிடும். ஸ்பிரிட்டால் துடைத்தேன். ஆனால் நேரம் வைத்து ஓடவிட்டபோதும் ஈரம் இருந்ததே! ஆகவே பிழை அங்கும் இல்லை. பஞ்சுத் தூசு பிடிக்கும் வலையை நான் ஒவ்வொரு தரமும் துடைக்கிறவன்.

மெசினை ஓடவிட்டு, சப்பாத்தை மாட்டிக்கொண்டு பனிக்குள் வெளிச்சுவர்ப் பக்கம் போனேன். பக்கத்து வீட்டுக் குழாயிலிருந்து புட்டுப் பானை போல ஆவி பொங்கிக்கொண்டிருந்தது. எங்கள் குழாயின் மூடி அசையவேயில்லை. கையை வைத்துப் பார்த்தேன். ஒரு பெருமூச்சு அளவுக்குக்கூடக் காற்றில்லை.

மெசினை இழுத்துப் பார்த்தால், பின்னாலிருந்த நாலு அங்குலத் தகட்டுத்தாள் குழாய் சுவரோடு நசிந்து கிடந்தது. வளைவு முழுக்க ஈரப் பஞ்சு. வலைக்குத் தப்பிப் போனது எல்லாம் அங்கே சேர்ந்திருக்கிறது. என் வெள்ளை வேட்டி, மகளின் நீலச் சீருடை, பேரனின் சிவப்புச் சுவெட்டர் எல்லாம் சாம்பல் நிறமாகி ஒன்றாகிவிட்டன. வேறு எங்கிருந்தும் வந்த அழுக்கில்லை. எங்கள் உடுப்பே தேய்ந்து எங்கள் வழியை அடைத்திருக்கிறது.

நான் சூட்டைக் கூட்டியது வீண் என்பதும் அப்போதுதான் விளங்கியது. காற்று வெளியேறாவிட்டால் உள்ளே சூடு மிஞ்சும். தீப்பிடிக்காமல் காக்க இருக்கும் தெர்மோஸ்டாட் உடனே சூட்டை நிறுத்திவிடும். சூட்டை எவ்வளவு கூட்டினாலும் வழியில்லாமல் அது நிலைக்காது. ஊரில் இது குழந்தைக்கும் தெரியும். சோளகம் வீசும் நாளில் வேட்டி அரைமணியில் காயும். காற்றில்லாத வெயிலில் மத்தியானம் வரைக்கும் பாரமாகத் தொங்கும்.

அந்தச் சாம்பல் பஞ்சைக் கையில் வைத்துக்கொண்டிருந்தபோது 1961 கார்த்திகை நினைவுக்கு வந்தது. எனக்குப் பத்து வயது. தவறிப்போன அப்பாச்சியின் அந்தியேட்டி. வீட்டில் கட்டவேண்டிய வெள்ளைத் துணியை, ஊரில் உடுப்பு வெளுக்கும் கட்டாடியார் கொண்டுவரவேண்டும். மூன்று நாள் விடாத மழை. அவர் நனைந்தபடி படலையடியில் வந்து நின்றார். மூட்டை ஈரம்.

"மூண்டு நாளா வெயிலே இல்லை, நயினார்."

"மழை எண்டு எனக்குச் சொல்லாதை. நேரத்துக்கு வேணுமெண்டு சொன்னனானல்லோ" என்று எங்கள் வீட்டுப் பெரியவர் அப்பு கத்தினார். திண்ணையில் அவரை யாரும் ஏறச் சொல்லவில்லை. ஐம்பது வயது மூத்த அந்த மனிதரை நானும் பெயர் சொல்லி 'நீ' என்றுதான் கூப்பிடுவேன். 

இதே அப்பு எங்கள் ஊர்க் கோயில் புராணபடனத்தில் பாட்டுக்குப் பயன், அதாவது பொருள், சொல்கிறவர். திருக்குறிப்புத் தொண்டர் தலையை மோதப் போகும் இடத்தில் ஒவ்வொரு வருடமும் அவருக்குத் தொண்டை அடைத்துக்கொள்ளும். கேட்பவர்கள் கண்ணைத் துடைப்பார்கள். அறுபத்துமூவர் வரிசையில் அந்த வெளுப்பவருக்குச் சாத்துப்படி, தீபம். எங்கள் கட்டாடியார் வெளிவீதியில் நிற்பார். சாதி சொல்லித் தடுப்பது குற்றம் என்று 1957இலேயே சட்டம் வந்திருந்தது; அது எங்கள் கோயில் வாசலுக்கு வந்து சேரவில்லை. அவர் அப்புவை அழைத்த 'நயினார்' என்ற சொல்லும் 'நாயனார்' என்பதும் ஒரே சொல்லின் இரண்டு உருவங்கள். யார் யாரை அப்படி அழைத்திருக்கவேண்டும்?

சைவ சித்தாந்தமும் அவர் தொழிலிடம் கடன்பட்டது. உயிரின் அழுக்கான மலத்தை இறைவன் மலத்தைக்கொண்டே கழுவுவதை விளக்க, சாணியும் உவரும் சேர்த்து அழுக்கெடுக்கும் வெளுப்பவரைத்தான் அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரில் உவமை சொல்கிறார். உவமையை எடுத்துக்கொண்டோம். ஆளை வெளியில் நிறுத்தினோம்.

அந்தப் பெடியன் இப்போது கேட்டால் இப்படிச் சொல்வேன். தம்பி, மழை என்பது உண்மையான காரணம்தான். எதிரில் குளிரில் நடுங்கும் ஒருவருக்கு அந்த உண்மை போர்வையாகாது என்று தொண்டர் தன்னைத்தான் கடிந்துகொண்டார். அப்பு அதே கண்டிப்பை அடுத்தவன் தலையில் போட்டார். காரணத்தைத் தனக்குச் சொல்லிக்கொள்ளாமல் இருப்பதும், பிறர் சொன்னால் கேட்பதும் பக்தி. என் மகள் அன்று மாலை அதைத்தான் செய்தாள்; அவள் பெரியபுராணம் படித்ததில்லை.

அப்புவிடம் பக்திச் சூட்டுக்குக் குறைவில்லை. தேவாரம் பாடினார், விரதம் இருந்தார், புராணம் கேட்டு அழுதார். எனக்கும் குறைவில்லை, முப்பது வருடம் அந்தக் கதைக்குப் புள்ளி போட்டிருக்கிறேன். அந்தச் சூடு வெளியேறி இன்னொருவரைச் சேரும் வழிதான் அடைபட்டிருந்தது. அடைத்தது வேறொருவரும் இல்லை, நாங்கள் நாங்களாக இருந்து தேய்ந்து உதிர்ந்த பஞ்சு. கட்டாடியார் போய் நாற்பது வருடத்துக்கு மேல். அவரிடம் சொல்லவேண்டியதை இங்கே எழுதுகிறேன்: மழை பெய்தது, ஐயா. பிழை உங்களுடையதல்ல.

புதிய அலுமினியக் குழாய் பூட்டியபின் சீருடை நாற்பது நிமிடத்தில் காய்கிறது. உங்கள் வீட்டிலும் உடுப்பு ஈரமாக வந்தால் சூட்டைக் கூட்டாதீர்கள். வெளியே போய், குழாய் வாயில் கையை வைத்துப் பாருங்கள்.