வரிசையின் நடுவில் நிற்பவர்

பாறசாலைப் பக்கம் கண் மஞ்சளித்தால் முதல் மருந்து கீழாநெல்லிதான். களியக்காவிளையைத் தாண்டித் தமிழ்நாட்டுக்குள் போனாலும் அப்படியே. புற்றுநோயால் பித்தநாளம் அடைபட்டு வருகிற காமாலைக்கு அது போதாது. மூத்திரம் கட்டன்சாயா நிறத்தில் போகும், மலம் வெளுக்கும், உடம்பெல்லாம் அரிக்கும். பெரும்பாலும் வலி இருக்காது. வலி இல்லாததால்தான் நாள் கடந்துவிடுகிறது.

நெய்யாற்றின்கரை வழியாகத் திருவனந்தபுரம் ஆர்.சி.சி. புற்றுநோய் மையத்துக்குப் போகிற இந்த நோயாளிகளின் ஃபைலில் இரண்டு கீமோ மருந்துகளின் பெயர்கள் சேர்ந்தே இருக்கும்: ஜெம்சிட்டபின், சிஸ்பிளாட்டின். மூன்று வாரச் சுற்றில் முதல் நாளும் எட்டாம் நாளும் ஏற்றுவார்கள். சிஸ்பிளாட்டின் சிறுநீரகத்தைப் பதம் பார்க்கும் என்பதால் கூடவே சலைனும் நிறைய ஓடும். அரை நாள் அதிலேயே போகும்.

இந்த ஜோடியை நிலைநிறுத்தியது 2010இல் வெளியான பிரிட்டன் ஆய்வு, ஏ.பி.சி.-02. 410 நோயாளிகள். ஜெம்சிட்டபின் மட்டும் பெற்றவர்களின் இடைநிலை ஆயுள் 8.1 மாதம், இரண்டும் பெற்றவர்களுக்கு 11.7. அதே ஆண்டு வெளியான இன்னொரு ஆய்வில் டெல்லி எய்ம்ஸ் மருத்துவர்கள் பித்தப்பைப் புற்றுநோயில் ஜெம்சிட்டபினுடன் ஆக்ஸாலிபிளாட்டினைச் சேர்த்துப் பார்த்தார்கள். 9.5 மாதம். கீமோ இல்லாமல் உபாதை தணிக்கும் சிகிச்சை மட்டும் பெற்றவர்களுக்கு 4.5.

2022இல் மூன்றாவதாக துர்வாலுமாப் என்ற இம்யூனோதெரபி மருந்து வந்தது. டோபாஸ்-1 ஆய்வு, 685 பேர். ஒப்பிடும் குழுவையும் யாரும் வெறுங்கையோடு விடவில்லை. அவர்களுக்கும் பழைய இரண்டு மருந்து உண்டு. டிரையல் என்றதும் பயப்படுகிறவர்களிடம் இதை முதலில் சொல்ல வேண்டும்.

கணக்கு: இடைநிலை ஆயுள் 11.5 மாதத்திலிருந்து 12.8 ஆயிற்று. இவ்வளவு விலைக்கு இவ்வளவுதானா என்று யாருக்கும் தோன்றும். ஆனால் இடைநிலை என்பது வரிசையின் நடுவில் நிற்கிற ஒருவரின் கணக்கு. கடைசியில் நிற்பவர்களைப் பார்த்தேன். இரண்டு வருடம் தாண்டியவர்கள் பழைய குழுவில் நூற்றுக்குச் சுமார் 10, புதியதில் சுமார் 25. அந்தக் கூடுதல் பதினைந்து பேர் யார் என்று முன்கூட்டியே சொல்லும் நம்பகமான சோதனை ஏதும் இல்லை. வீட்டை அடகு வைக்கலாமா என்று கேட்கிற மகனுக்கு மருத்துவர் இதைத்தான் விளக்க வேண்டியிருக்கிறது, அதுவும் ஓ.பி. கூட்டத்துக்கு நடுவில்.

இன்னொன்று. இந்த ஆய்வுகளில் சேர்க்கப்பட்டவர்கள் எழுந்து நடமாடக்கூடியவர்கள், மஞ்சள் ஓரளவு இறங்கியவர்கள். அடைப்புக்கு ஸ்டென்ட் வைத்தும் மஞ்சள் இறங்காமல் படுத்திருப்பவருக்கு 12.8 என்ற எண்ணைச் சொல்வதில் பொருளில்லை.