இறுகிய கை

ஒரு செயலுக்கு நாம் எப்போது பொறுப்பாளர் ஆகிறோம்? எண்ணித் துணிந்து செய்தவற்றுக்கு நாமே பொறுப்பு என்பதில் ஐயமில்லை. ஆனால் எண்ணத் தொடங்குமுன்பே முடிந்துவிடுகின்ற செயல்களும் வாழ்வில் உண்டு. அச்சத்தில் கை இறுகுகிறது. சினத்தில் நா சுடுசொல்லை உதிர்க்கிறது. இவற்றை "நான் செய்தேன்" என்று சொல்வதா, "எனக்கு நேர்ந்தது" என்று சொல்வதா? இவ்வினாவை நூல்களில் படித்திருக்கிறேன். வகுப்பறையில் மாணவர்க்கு விளக்கியும் இருக்கிறேன். ஆயினும் அதை எனக்கு உண்மையாகக் கற்பித்தவை ஒரு மோட்டார் சைக்கிளும், ஒரு பிடி செம்மணலும், ஒரு சிறுவனின் கன்னமுமே.

சாத்தான்குளம், உடன்குடிப் பகுதிகளில் பயணம் செய்தோர் அங்குள்ள தேரிகளை அறிவர். இரத்தச் சிவப்பான மணற்குன்றுகள் அவை. ஆடி மாதக் காற்று வீசும்போது அம்மணல் புறப்பட்டு வந்து தார்ச்சாலையின் ஓரங்களிலும் வளைவுகளிலும் மெல்லிய விரிப்பாகப் படியும். சில ஆண்டுகளுக்கு முன் ஓர் ஆடி மாத மாலையில், ஊருக்குள் நுழையும் அத்தகைய வளைவொன்றில் வண்டியைத் திருப்பினேன். வேகம் மணிக்கு 20 கிலோமீட்டருக்கு மேல் இராது. சாலையோரத்தில் ஒரு சிறுவன் பந்தை எடுக்கக் குனிந்திருந்தவன் சட்டென நிமிர்ந்தான். அவன் ஓடி வரப்போகிறான் என்று நான் எண்ணினேன். இல்லை, எண்ணியதாகச் சொல்வதும் தவறு. எண்ணுமுன் என் வலக்கை முன்சக்கர பிரேக்கை முழு வலிமையோடு பற்றிவிட்டது. அடுத்த கணம் வண்டி என் காலடியிலிருந்து உருவப்பட்டது போலச் சரிந்தது. தலைக்கவசம் தலையைக் காத்தது. முழங்கால் சிராய்ந்தது, மணிக்கட்டு வீங்கியது. அவ்வளவுதான்.

கூட்டம் கூடிற்று. யாரோ தண்ணீர் கொடுத்தார். யாரோ, "இந்தப் பயதான சார் குறுக்க வந்தான்?" என்று கேட்டார். நான் ஆம் என்று சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. வலியில் முனகியவாறு தலையைத் தாழ்த்தியிருந்தேன். அந்தத் தாழ்த்தலே விடையாயிற்று. வீட்டிலிருந்து ஓடி வந்த அவன் தாய், "ஏல, ரோட்டுல ஆடாதன்னு எத்தன தடவ சொன்னேன்!" என்று கூறி அவன் கன்னத்தில் அறைந்தார். சிறுவன் அழவில்லை. என்னைப் பார்த்தான். அந்தப் பார்வையை நான் வண்டியில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

மறுநாள் பள்ளியில் கட்டுப்போட்ட கையைக் கண்டவர் எல்லாம் காரணம் கேட்டனர். "ஒரு சிறுவன் குறுக்கே வந்துவிட்டான்" என்றேன். முதல்முறை சொல்கையில் நா சற்றுத் தயங்கிற்று. ஐந்தாம் முறை தயக்கம் இல்லை. பத்தாம் முறைக்குள் அது நடந்த நிகழ்ச்சியாகவே என் உள்ளத்தில் அமர்ந்துவிட்டது.

என் பொய்யைக் கலைத்தவர் வண்டி பழுதுபார்க்கும் பட்டறைக்காரர். வளைந்த பிரேக் பிடியைத் தடவிப் பார்த்தவாறே, "பையன் எவ்வளவு தூரத்துல நின்னான் சார்?" என்றார். "ஐம்பது அடி இருக்கும் அண்ணாச்சி" என்றேன். அவர் சிரிக்கவில்லை. "நீங்க வந்த வேகத்துக்கு ஐம்பது அடியில லாரியே நின்னுரும். நீங்க பையனால விழல சார். கையால விழுந்திருக்கீய" என்றார். பின்பு எனக்குப் பாடம் நடத்தினார். நான் பதினொரு ஆண்டுகள் ஓட்டியும் அறியாத பாடம் அது.

இரு சக்கர வண்டி நிற்பது நாம் பிடித்திருப்பதால் அன்று. சாய்கின்ற பக்கமாக முன்சக்கரம் நுட்பமாகத் திரும்பித் திரும்பிப் பாரத்தைத் தாங்குவதாலேயே அது விழாமல் ஓடுகிறது. சக்கரம் உருளும் வரைதான் இது நடக்கும். உருளாமல் பூட்டிக்கொண்ட முன்சக்கரம் வழுக்கும் ஒரு கட்டையே. அதை எப்பக்கம் திருப்பினாலும் வண்டி கேளாது. பின்சக்கரம் பூட்டிக்கொண்டால் வண்டி வாலை ஆட்டும், பெரும்பாலும் சமாளிக்கலாம். முன்சக்கரம் பூட்டிக்கொண்டால் சமாளிக்க ஒரு நொடிகூடக் கிடைப்பது அரிது.

அப்படியாயின் முன் பிரேக் தீயதா? இல்லை. நல்ல சாலையில் வண்டியை நிறுத்தும் ஆற்றலில் பெரும்பங்கு அதனிடமே உள்ளது. மெல்ல அழுத்தத் தொடங்கினால் வண்டியின் பாரம் முன்னோக்கிச் சாய்ந்து முன்சக்கரத்தின் மேல் இறங்குகிறது. பாரம் இறங்க இறங்க டயர் சாலையை மேலும் உறுதியாகப் பற்றுகிறது. பிறகு முன்னைவிடக் கூடுதலாக அழுத்தினாலும் அது தாங்கும். ஆனால் பாரம் வந்து சேர ஒரு கணம் வேண்டும். அந்த ஒரு கணத்தைக் கொடாமல் கை இறுகினால், பற்றுதல் வருமுன்பே சக்கரம் நின்றுவிடுகிறது. வண்டி திரும்பிக்கொண்டிருந்தால் இடர் இன்னும் பெரிது. டயருக்குள்ள பிடிமானம் ஒரு குடும்பத்தின் மாத வருமானம் போன்றது; வளைவதற்கு ஒரு பங்கு செலவானால் நிறுத்துவதற்கு மீதிதான் மிஞ்சும். மணல் அந்த வருமானத்தையே குறைத்துவிடுகிறது.

மெதுவாகச் செல்வோர்க்கு ஆபத்து இல்லை என்பது நம் எண்ணம். அண்ணாச்சி அதையும் மறுத்தார். வேகம் குறைந்தால் சக்கரத்தின் சுழற்சியும் குறைவு. அது அடியோடு நின்றுபோகச் சிறிது நேரமே போதும். ஓடும் வண்டி தன்னைத் தானே நிமிர்த்திக்கொள்ளும் இயல்பும் குறைந்துவிடுகிறது. முச்சந்தியிலும் வளைவிலும் மெதுவாகச் செல்லும்போதுதான் ஹேண்டில்பாரை அதிகம் திருப்புகிறோம். எல்லாவற்றுக்கும் மேலாக, வேகத்தில் விழித்திருக்கும் மனம் மெதுவாகச் செல்கையில் உறங்கிவிடுகிறது. "வேகமாப் போறவன் விழுந்தா ஊரு பேசும். மெதுவாப் போயி விழுந்தவன் வெளிய சொல்லமாட்டான். இங்க வர்ற வண்டியில பாதி அப்படி விழுந்ததுதான் சார்" என்றார்.

அவர் சொன்னதற்கு ஆய்வின் துணையும் உண்டு. அமெரிக்காவின் தென் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த ஹாரி ஹர்ட் என்பவர், 900 மோட்டார் சைக்கிள் விபத்துகளை நிகழ்ந்த இடத்திற்கே சென்று ஆராய்ந்து 1981-இல் அறிக்கை வெளியிட்டார். அவ்விபத்துகளில் மோதும் நேரத்து நடுத்தர வேகம் மணிக்குச் சுமார் 35 கிலோமீட்டர் மட்டுமே. ஆபத்தைக் கண்ட ஓட்டுநர் பலர் பின் பிரேக்கை அளவுக்கு மீறி மிதித்துச் சறுக்கியதையும், முன் பிரேக்கைப் போதிய அளவு பயன்படுத்தாததையும் அவர் கண்டார். அவர்கள் தவறியது என்னைப் போல் அன்று. எனினும் மூலம் ஒன்றே. நெருக்கடியில் கை கால்கள் புதிதாக எதையும் கற்றுக்கொள்வதில்லை. முன்பு கற்றதையே ஒப்பிக்கின்றன. கற்றது இல்லையென்றால் அச்சமே ஓட்டுகிறது.

இனி வினாவிற்கு வருவோம். இறுகிய அந்தக் கைக்கு நான் பொறுப்பா?

13-ஆம் நூற்றாண்டில் புனித தோமா அக்குவினாஸ் தம் இறையியல் தொகுப்பில் ஒரு நுட்பமான வேறுபாட்டைக் காட்டுகிறார். மனிதனிடம் நிகழும் செயல் எல்லாம் மனிதச் செயல் ஆகிவிடாது. வேறெதையோ சிந்தித்தவாறு ஒருவன் காலை அசைப்பதும் தாடியைத் தடவுவதும் அவனிடம் நிகழ்பவை. அறிவும் விருப்பும் கூடி எழுவனவே உண்மையான மனிதச் செயல்கள். அறநெறியின் தராசில் நிறுக்கப்படுபவை அவையே. இதைப் படித்தபோது எனக்குப் பெரும் ஆறுதல். என் கை தானாக இறுகிற்று, நான் தேர்ந்து செய்யவில்லை, ஆகவே குற்றமில்லை.

ஆனால் அவருக்கு ஆசானாக விளங்கிய அரிஸ்டாட்டில் அந்த ஆறுதலில் என்னை நெடுநேரம் இருக்க விடவில்லை. நிக்கோமாக்கிய அறநூலின் மூன்றாம் பகுதியில் அவர் சொல்லும் கருத்து இது: எறிந்த கல்லைத் திரும்பப் பெற இயலாது, எனினும் எறியாதிருக்கும் ஆற்றல் முன்பு அவனிடமே இருந்தது. நம் இயல்பும் அத்தகையதே. பழகிவிட்டபின் மாற்றுவது அரிது; ஆனால் பழகியவர் நாமே. இந்த உரைகல்லில் என் கையை உரைத்துப் பார்த்தேன். பதினொரு ஆண்டுகளில் ஒரு நாளாவது வெற்று மைதானத்தில் வண்டியை நிறுத்திப் பழகினேனா? இல்லை. ஆடி மாதத்தில் அவ்வளைவில் மணல் கிடக்கும் என்பதை அறியாதவனா? அறிவேன். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைக்காமல் வளைவுக்குள் சென்றபின் பிரேக்கைத் தேடுவது என் அன்றாட வழக்கம். அந்த நொடி என் கையில் இல்லை. அந்த நொடிக்கு முந்திய ஆண்டுகள் என் கையில் இருந்தன.

இங்கே ஒரு தடை எழலாம். ஒவ்வொரு தடுமாற்றத்தையும் இப்படிப் பின்னோக்கித் துருவிக்கொண்டே சென்றால் உலகில் குற்றமற்றவர் எவர்? மனச்சான்று நோயாகிவிடாதா? நியாயமான தடையே. எல்லா இடர்களுக்கும் எல்லாரும் பயிற்சி பெற்றிருக்க இயலாது. புதிதாய் ஓட்டுபவனும், எண்ணெய் சிந்தியிருப்பது தெரியாமல் இருளில் வருபவனும் விழுந்தால் இரக்கத்துக்கு உரியவரே. எவ்வளவு அறிய முடிந்தது, பிறர் எவ்வளவு ஊறுபடக்கூடும் என்னும் இரண்டையும் கொண்டே பொறுப்பை அளக்க வேண்டும். அவ்வாறு அளந்தால் என் வீழ்ச்சி சிறு தவறே. அதை நான் என்னுடையது என்று ஏற்றுக்கொண்டிருந்தால் அன்றே தீர்ந்திருக்கும்.

தீராமல் போனதற்குக் காரணம் வேறு. விழுந்தது ஒரு நொடி. பேசாதிருந்தது பல நாள். கை இறுகியதில் அறிவும் விருப்பும் இல்லை என்று வாதிடலாம். "சிறுவன் குறுக்கே வந்தான்" என்று நான் சொன்ன ஒவ்வொரு முறையும் அவை இரண்டும் முழுமையாக இருந்தன. தோமாவின் தராசில் அதுவே மனிதச் செயல். நாணத்தக்க உண்மை என்னவெனில், முதல் செயலுக்கு நான் தேடிய சாக்கைப் போர்வையாக்கி இரண்டாம் செயலை மறைத்திருந்தேன். இரண்டும் ஒரே அசைவுதான். அன்று அச்சத்தில் பிரேக்கைப் பற்றினேன். பின்பு அதே அச்சத்தில் என் பெயரைப் பற்றிக்கொண்டேன்.

சக்கரம் பூட்டிக்கொண்டால் மீள வழி உண்டா என்று அண்ணாச்சியைக் கேட்டேன். "ஒரே வழிதான் சார். பிடிய விட்டுரணும். விட்டா உருளும், உருண்டா நிமிரும்" என்றார். அச்சத்தில் இருக்கும் கைக்கு அதைவிடக் கடினமான கட்டளை இல்லை. அதனால்தான் அந்தப் பணியைப் பொறியிடம் ஒப்படைத்தனர். 1988-இல் ஜெர்மனியின் பி.எம்.டபிள்யூ நிறுவனம் தன் கே 100 வண்டியில் ஏ.பி.எஸ். எனப்படும் பூட்டுத் தடுப்பு பிரேக்கைக் கொண்டுவந்தது. சக்கரம் நிற்கப்போவதை அது உணர்ந்து, ஒரு நொடிக்குள் பலமுறை பிடியைத் தளர்த்தித் தளர்த்தி மீண்டும் பற்றுகிறது. இந்தியாவில் 2019 ஏப்ரல் முதல் 125 சி.சி.க்கு மேற்பட்ட புதிய வண்டிகள் அனைத்துக்கும் அது கட்டாயமாயிற்று. எத்தனையோ உயிர்களைக் காக்க வல்ல நல்ல ஏற்பாடு. ஆயினும் நடைவேகத்துக்கு இறங்கியதும் இத்தகைய அமைப்புகள் பொதுவாக ஓய்ந்துவிடும். அங்கே மீண்டும் கைதான் பொறுப்பு. நாவுக்கும் மனத்துக்கும் அத்தகைய பொறியை எவரும் செய்து தரவில்லை.

பதினோராம் நாள் அவ்வூருக்குச் சென்றேன். சிறுவனின் தாய் வாசலில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். "அம்மா, அன்றைக்கு உங்கள் பிள்ளை குறுக்கே வரவில்லை, தவறு என்னுடையது" என்றேன். அவர் சிறிது நேரம் கீரையையே பார்த்தார். "அவனும் அதத்தான சார் சொன்னான். நான்தான் நம்பல" என்றார். நான் மன்னிப்புக் கேட்டேன். "சரி சார். ஆனா அடிச்சது அடிச்சதுதான? திரும்ப எடுக்க முடியுமா?" என்றார். அதில் கடுமை இல்லை. என்னை மட்டுமன்றித் தம்மையும் சேர்த்தே அவர் கேட்டுக்கொண்டார். அரிஸ்டாட்டில் நூலைத் திறந்தும் பாராத அந்த அம்மையார், எறிந்த கல்லை என் கையில் வைத்துவிட்டார். பின்பு மகனை அழைத்து, "ஏல, சார் சொல்லுதத கேளு" என்றார். அவனிடமும் சொன்னேன். அவன் தலையை ஆட்டினான். பந்தை எடுத்துக்கொண்டு போய்விட்டான். மன்னித்தானா என்பதை அறியேன். கேட்கும் உரிமையும் எனக்கில்லை.

அன்பு வாசகரே, பெருங்குற்றங்களின் வேகத்தில் நம்மில் பெரும்பாலோர் பயணம் செய்வதில்லை. வீட்டுக்குள், அலுவலகத்தில், தெருவில், 20 கிலோமீட்டர் வேகத்திலேயே செல்கிறோம். ஆகவே ஆபத்தில்லை என்று நம்புகிறோம். ஆனால் பிள்ளையின் கேள்விக்கு எரிந்து விழுவதும், தன் பிழையை எளியவர் மீது சாற்றுவதும் அந்த வேகத்தில்தான் நிகழ்கின்றன. அந்த நொடி வந்தபின் சிந்திக்க நேரம் இராது. சிந்திக்க வேண்டியது அதற்கு முன்பு. ஒப்புக்கொள்ள வேண்டியது அதற்குப் பின்பு. இரண்டும் நம் கையில் உள்ளவை.

இப்போது சனிக்கிழமைதோறும் பள்ளி மைதானத்தில் வண்டியை ஓட்டி நிறுத்திப் பழகுகிறேன். ஹேண்டில்பாரை நேராக்கி, முதலில் மெல்லத் தொட்டு, பாரம் இறங்கியபின் அழுத்துகிறேன். கை மெதுவாகக் கற்றுக்கொள்கிறது. அவ்வளைவை அணுகுகையில், அது வருமுன்பே வேகத்தைக் குறைத்துவிடுகிறேன். சிறுவர்கள் இன்னும் அங்கே பந்து விளையாடுகின்றனர்.