தூண்டிலும் முதற்சீலமும்

பிடித்த மீனை உயிரோடு மீண்டும் நீரில் விட்டுவிடுகிறவன், கொல்லாமையாகிய முதற்சீலத்தினின்று வழுவியவன் ஆவானா? மைசூரில் வாழும் உபாசகர் ஒருவரை அவருடைய நண்பர் நீலகிரிக்குத் தூண்டிலிட அழைக்கிறார்; உடன் செல்லலாமா என்பது அவர் எம்மிடம் விடுத்த வினா. அவலாஞ்சிப் பக்கத்து ஓடைகளில் வெள்ளையர் கொணர்ந்து வளர்த்த டிரவுட் மீன் உண்டு. இறகையும் நூலையும் கொக்கியிற் கட்டி, ஈயைப்போலத் தோன்றச் செய்து, நீர்மேல் வீசி ஏமாற்றுவதே அவ்விளையாட்டு.

மைசூருக்குத் தூண்டில் புதிதன்று. அரசர்கள் வேட்டையாடிய புலிகளைப் பாடஞ்செய்து பெயர்பெற்ற வான் இங்கன் குடும்பத்தார் ஒருவர், 1946-இல் கபினியில் 120 பவுண்டு எடையுள்ள மகசீர் மீனைத் தூண்டிலாற் பிடித்தார். இந்நாளில் பலர் நிறுத்துப் பார்த்து, படமெடுத்து, விட்டுவிடுகின்றனர். வழக்கம் ஓரளவு திருந்தியது மெய்யே.

கொலைக்கு ஐந்து அங்கம் கூறுவர் பாலி உரையாசிரியர்: உயிர் இருத்தல், உயிரென அறிதல், கொல்லும் எண்ணம், அதற்குரிய முயற்சி, அதனால் நேரும் மரணம். விட்டுவிடுகிறவனிடம் எண்ணமுமில்லை, மீன் பிழைத்தால் மரணமுமில்லை. ஆகவே சீலம் முறியவில்லை என வழக்குரைப்பார் உளர். கணக்கு பிழையன்று. ஆயினும், சாவத்திக்கும் சேதவனத்துக்கும் இடையே மீன்களை வருத்திய சிறுவரைக் கண்ட பகவான் அங்கங்களை எண்ணிக்காட்டவில்லை. துன்பம் உங்களுக்கு உவப்பானதா என்றே வினவினார் என்பது உதானம் தரும் செய்தி.

மீனுக்கு நோவு ஏது என்பாரும் உளர். 2003-இல் ஸ்காட்லாந்து ஆய்வாளர் டிரவுட் மீனின் உதட்டில் தேனீ நஞ்சையும் அமிலத்தையும் ஏற்றிப் பார்த்தனர். (அச்செயல் தக்கதா என்பது வேறு வினா.) அம்மீன்கள் மூச்சு விரைந்து, நெடுநேரம் இரை தொடவில்லை, அமிலம் ஏற்றப்பட்டவை உதட்டைக் கற்களில் தேய்த்தன. மறுப்போர் இன்னும் உளர். எமக்கு இது போதும்.

வயிற்றுக்காக வலை வீசுகிறவன், மீன் துள்ளாது அகப்பட்டால் மகிழ்வான். விளையாட்டுக்காரனுக்கோ துள்ளாத மீன் சுவையற்றது. அம்மீனின் அச்சமே அவனுடைய இன்பம். விட்டுவிடுவதனால் இவ்வின்பத்தின் இயல்பு மாறுவதில்லை. வலைஞனைக் குறைகூறி இவனைப் புகழ்வது எமக்கு உடன்பாடன்று.

எளிதில் தள்ளவொண்ணாத வாதமும் ஒன்றுண்டு. காவிரியில் பீமேசுவரி, கலிபோரே முதலிய இடங்களில் தூண்டில் முகாம்கள் நடந்த காலத்தில், முன்னர் வெடிவைத்து மீன்பிடித்தவர்களிற் சிலர் அங்கே கூலிபெற்று வழிகாட்டிகளும் காவலருமாயினர். 2010-ஐ அடுத்த ஆண்டுகளில், சரணாலயப் பகுதி என்பதால் தூண்டில் நிறுத்தப்பட்டது, கூலியும் நின்றது. காவிரிக்கே உரிய திமில் மகசீர், 2018-இல் அழிவின் விளிம்பிலுள்ள இனமாக உலகப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. அணைகள், மணற்கொள்ளை, அயலின மீன் எனக் காரணங்கள் பல. எனினும் காவல் நின்றதை ஒதுக்கிவிட முடியாது. தூண்டிலை மறுக்கிறவன் அக்காவலனின் கூலிக்கு வழி சொல்லக் கடமைப்பட்டவன். சொல்லாவிடின், அவன் தன் கையைத் தூய்மையாக வைத்துக்கொண்டான், மீனைக் காத்தானில்லை.

மைசூர் அன்பர் நண்பருடன் செல்வதில் தடையில்லை. ஓடைக்கரையில் உடனிருக்கட்டும், சோற்றைப் பகிர்ந்துண்ணட்டும். தூண்டிலை மட்டும் கையில் வாங்க வேண்டா. நண்பர் காரணம் கேட்பார். அப்போது உதட்டைக் கல்லில் தேய்த்த மீனைச் சொல்லலாம். காவிரிக் காவலரின் கூலியையும் மறைக்காமற் சொல்ல வேண்டும்.