வளரும் பருவத்தில் விளக்கு

நாமக்கல்லிலிருந்து எருமப்பட்டி வழியாகத் துறையூர் போகும் பக்கம் கோழிப்பண்ணை வைத்திருக்கும் எவரைக் கேட்டாலும் தடுமாறாமல் சொல்வார், முட்டையிடும் கோழிக்குத்தான் பகலோடு விளக்கையும் சேர்த்து 16 மணி நேர வெளிச்சம் என்று. வளரும் பருவத்தில் அப்படி விளக்குப் போட்டால் உடம்பு முற்றுவதற்குள் முட்டையிடத் தொடங்கிவிடும். முட்டையும் சிறுத்துப்போகும், கோழியும் தாங்காது. இவ்வளவு நுணுக்கமாக வளர்ச்சியை அறிந்த மாவட்டம்தான், தமிழ்நாடு முழுவதிலிருந்தும் பிள்ளைகளை அழைத்து விடுதிப் பள்ளிகளில் வளர்த்தது.

பல விடுதிகளில் விடியுமுன்பே எழுப்பி, இரவு வெகுநேரம் ஸ்டடியில் உட்காரவைப்பதற்குக் கண்டிப்பு என்று பெயர். பதின்பருவத்தில் தூக்கம் வரும் நேரமே பின்னுக்குத் தள்ளிப்போகிறது, 8 முதல் 10 மணி நேர உறக்கம் வேண்டும் என்று மருத்துவர்கள் சொல்வதை நாம் சோம்பலுக்குச் சாக்கு என்றே எடுத்துக்கொண்டோம். பெற்றோர் பார்க்கவரும் ஞாயிற்றுக்கிழமை மரத்தடியில் பெட்ஷீட் விரித்து, தூக்குவாளியில் கொண்டுவந்த கறிக்குழம்பைப் பிசைந்துகொண்டே அம்மா “இளைச்சுட்டியே சாமி” என்பார். அப்பா கேட்பது ரிவிஷன் டெஸ்ட் மார்க்கை. பையன் அப்பாவுக்கு மட்டும் பதில் சொல்வான்.

இதை ஈவிரக்கமின்மை என்று சொல்ல நாக் கூசுகிறது. லாரியிலும் போர்வெல் போடும் ரிக் வண்டியிலும் ஊர் ஊராகச் சுற்றிய அப்பன்கள், மகனாவது ஓரிடத்தில் உட்கார்ந்து சம்பாதிக்கட்டும் என்றுதான் கடன் வாங்கினார்கள். சில வீடுகளில் பிள்ளை டாக்டரும் ஆனான். அப்படி ஒரு வீட்டைப் பார்த்துத்தான் நூறு வீடுகள் கடன் வாங்கின.

போட்டி ஆரோக்கியமாக இல்லை என்று 2017-ல் அரசு பொதுத்தேர்வு ரேங்க் அறிவிப்பை நிறுத்தியது. பிளஸ் ஒன் பாடத்தை ஒதுக்கிவிட்டு இரண்டு வருடமும் பிளஸ் டூ பாடத்தையே நடத்துவதைத் தடுக்க அந்த வகுப்புக்கும் பொதுத்தேர்வு வந்தது. சுமை கூடுகிறது என்று 2025-ல் அதைக் கைவிட முடிவானது. இடையில் நீட் வந்ததும் பள்ளிகளின் பெயர்ப்பலகையில் கோச்சிங் சேர்ந்துகொண்டது. தேர்வை எத்தனையோ முறை திருத்தினோம். பிள்ளைகள் எத்தனை மணிக்குத் தூங்கினார்கள், பி.இ.டி. பீரியடு எந்தப் பாடத்துக்குப் போனது என்ற கேள்விகள் அந்தத் திருத்தங்களில் இடம்பெறவில்லை.

உள்ளூர் அரசுப் பள்ளியில் படிக்கிற பையன் சாயங்காலம் வாலிபால் ஆடிவிட்டு, சிநேகிதர்களோடு சண்டை போட்டுச் சமாதானமாகி, வயிறாரச் சாப்பிட்டுப் படுக்கிறான். வீட்டில் கவலையெல்லாம் இவனைப் பற்றித்தான். வருகிற ஜூனில் கடன் வாங்கியாவது ஹாஸ்டலில் சேர்த்துவிடுவதாகப் பேச்சு.