வீடு தேடி வரும் சொல்லும் களரி ஏறும் சொல்லும்

ஒரு சமூகம் தனக்குள் பேசிக்கொள்வதற்கு இரண்டு வழிகள் உள்ளன. சொல், மனிதனைத் தேடி அவன் வீட்டு வாசலுக்குச் செல்வது ஒரு வழி. மனிதன், சொல்லைத் தேடி ஒரு பொது இடத்துக்கு வருவது மற்றொரு வழி. கடிதம் முதலாவதற்கு உதாரணம். சந்தியிலே நிற்கும் அறிவித்தற் பலகை இரண்டாவதற்கு உதாரணம். இணையம் வந்த பின்னர் இவ்விரண்டும் புதுப் பெயர்கள் பூண்டன. ஒருவர் எழுதும் மின்னஞ்சல் உறுப்பினர் அனைவரையும் போய்ச் சேரும் ஏற்பாடு மின்னஞ்சற் குழு எனப்பட்டது. எழுதியதை ஓரிடத்திலே பதித்து வைக்க, வருவோரெல்லாம் படித்து அதன் கீழேயே மறுமொழி எழுதும் ஏற்பாடு செய்திப் பலகை எனப்பட்டது. இவற்றுள் எது வசதியானது என்ற கேள்வியைத் தொழில்நுட்பம் அறிந்தவர்களிடம் விட்டுவிடலாம். எது நம்மை நேர்மையுள்ள மனிதராக வாழவைக்கிறது என்ற கேள்வியோ ஆசிரியரும் மாணவரும் உழைப்பாளரும் தாமே சிந்தித்து விடை காண வேண்டியது. அதையே நாம் இங்கு ஆராய விரும்புகிறோம்.

மட்டக்களப்பு வாவியின் இரு கரைகளிலும் வாழ்வோருக்கு இக்கேள்வி புதியதன்று. ஏறக்குறைய 56 கிலோமீற்றர் நீளத்துக்கு வடக்குத் தெற்காகக் கிடக்கும் இந்த நீர்ப்பரப்பு நாட்டை எழுவான்கரை என்றும் படுவான்கரை என்றும் பிரித்து வைத்திருக்கிறது. பெருந்தெருவும் பெரிய பாடசாலைகளும் கடைவீதிகளும் பெரும்பாலும் எழுவான்கரையில் அமைந்தன. நெல் விளையும் வயல்களோ படுவான்கரையில். மண்முனைத் துறையில் 2014ஆம் ஆண்டு பாலம் திறக்கப்படும்வரை, கொக்கட்டிச்சோலைப் பக்கத்து மக்கள் தோணியையும் துறைப் படகையும் நம்பியே வாவியைக் கடந்தார்கள். நெல் கிழக்கே வந்தது; செய்தி மேற்கே போனது. நெல்லுக்கு இருந்த அவசரம் செய்திக்கு இருக்கவில்லை. கடிதம் வந்தாலும் அது யாருக்கு வந்தது? முகவரி உள்ளவருக்கும் எழுத்தறிந்தவருக்கும் வந்தது. போடியாரின் வீட்டுக்கு வந்த கடிதத்தின் உள்ளடக்கத்தை, அவர் சொல்ல விரும்பிய அளவுக்கு மாத்திரமே வயற்காரன் அறிந்தான். ஆகவே, சொல் எந்த வழியாக வருகிறது என்பதும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்பதும் ஒன்றோடொன்று பிணைந்தவை. இதனை மனத்திற் கொண்டே மேலே செல்ல வேண்டும்.

வீடு தேடி வரும் சொல்லின் பெருமையை முதலிலே சொல்லிவிடுவோம். இணையத்தில் தமிழ் காலூன்றியதே மின்னஞ்சற் குழுவின் துணையால்தான் என்றால் அது மிகையாகாது. 1995ஆம் ஆண்டில், மலேசியாவிற் பிறந்து அவுஸ்திரேலியாவில் வாழ்ந்த பாலா பிள்ளை ‘தமிழ்.நெற்’ என்ற மடலாடற் குழுவைத் தொடங்கினார். போர் துரத்திய தமிழரும் பிழைப்புத் தேடிப் போன தமிழரும் கண்டங்கள் தோறும் சிதறிக் கிடந்த காலம் அது. அன்று இணைய இணைப்பு தொலைபேசிக் கம்பி வழியே வந்தது. நிமிடத்துக்கு நிமிடம் கட்டணம் ஏறியது. செய்திப் பலகையைப் படிப்பவர் இணைப்பிலேயே தங்கியிருக்க வேண்டும். மின்னஞ்சலையோ சில நிமிடங்களில் இறக்கிக்கொண்டு, இணைப்பைத் துண்டித்துவிட்டு, ஆறுதலாகப் படிக்கலாம். ஆறுதலாகப் பதிலும் எழுதலாம். எளியவனின் பணப்பைக்கு ஏற்றதாயிருந்தது கடிதமே. அக்குழுக்களிலே ஒருவரையொருவர் அறிந்துகொண்ட அன்பர்களின் உழைப்பால், 1998ஆம் ஆண்டுப் பொங்கல் நாளில் மதுரைத் திட்டம் தொடங்கியது. கூலி எதனையும் எதிர்பாராத தொண்டர்கள் பழந்தமிழ் நூல்களைத் தட்டெழுதி உலகுக்கு இலவசமாகத் தந்தார்கள். ஒருவரையொருவர் நேரிற் காணாத மனிதர்கள் கடிதத்தினால் ஒன்றுபட்டுப் பொதுச் சொத்தொன்றை ஆக்கினார்கள் என்பதை நாம் மறக்கலாகாது.

கடிதத்துக்கு வேறொரு நியாயமும் உண்டு. ‘பொது’ என்று பெயர் பூண்ட இடமெல்லாம் பொதுவாக இருந்ததில்லை. கோயில் வீதியில் யார் எங்கே நிற்கலாம் என்பதைச் சாதி தீர்மானித்தது. வாசிகசாலையின் வாங்குகளில் மாலை வேளையில் அமர்ந்திருந்தவர்கள் பெரும்பாலும் ஆண்கள். அந்த வேளையில் பெண்கள் அடுப்படியில் நின்றார்கள். கூலி ஆட்கள் வயலிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தார்கள். பொது இடத்துக்குப் போவதற்கும் ஓய்வு வேண்டும். ஓய்வு என்பது எல்லோருக்கும் சமமாகப் பங்கிடப்பட்ட பொருளன்று. வீட்டுக்குள்ளேயே இருக்க விதிக்கப்பட்டவளின் கைக்கு உலகச் செய்தியைக் கொண்டுவந்து கொடுத்தது கடிதம். ஆதலால், ‘அந்தக் காலத்தில் எல்லோரும் ஓரிடத்திற் கூடினோம்’ என்று பெருமூச்சு விடுவோரோடு நாம் சேர்ந்துகொள்ள முடியாது.

ஆயினும் நாணயத்துக்கு மறுபக்கம் உண்டு. அதனை நம் அயல் மாவட்டமே நமக்குக் காட்டியது. 1961ஆம் ஆண்டுவரை மட்டக்களப்பு மாவட்டத்தோடு சேர்ந்திருந்த அம்பாறையில், 2018ஆம் ஆண்டு பெப்ரவரி 26ஆம் திகதி இரவு முஸ்லிம் ஒருவரின் உணவுக்கடை தாக்கப்பட்டது, பள்ளிவாசலும் தாக்கப்பட்டது. சாப்பாட்டில் மலட்டுத்தன்மை உண்டாக்கும் மாத்திரை கலக்கப்படுகிறது என்ற வதந்தி சிங்கள மக்களிடையே முன்னரே பரவியிருந்தது. சிங்களம் சரிவரப் புரியாத கடைக்காரர், கூட்டத்தின் நடுவே அச்சத்தில் தலையாட்டியதைப் படம் பிடித்துக் கைத்தொலைபேசிகளிலும் முகநூலிலும் பரப்பினார்கள். உணவில் இருந்தது வெறும் மாவுக் கட்டி என்று அரச பகுப்பாய்வாளர் பின்னர் அறிவித்தார். ஆனால் மறுப்பு போய்ச் சேருவதற்கு முன்பே பொய் தன் வேலையை முடித்திருந்தது. அடுத்த வாரம், வேறொரு சம்பவத்தைத் தொடர்ந்து கண்டி மாவட்டத்திலும் முஸ்லிம்கள் மீது வன்முறை மூண்டது. மார்ச் 6ஆம் திகதி அவசரகால நிலை பிரகடனமாயிற்று. மறுநாள் முதல் அரசாங்கம் சமூக ஊடகங்களை முடக்கியது. வாயை அடைப்பதைத் தவிர வேறு மருந்து அரசாங்கத்தின் பெட்டியில் இருக்கவில்லை.

இங்கே நாம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. அந்தக் கடைக்காரரைப் பற்றி ஆயிரக்கணக்கானோர் பேசினர். அந்தப் பேச்சு நடந்த இடத்தில் அவர் இருந்தாரா? அவர் வாசிக்கக்கூடிய மொழியில் அது நடந்ததா? கொலைக் குற்றம் சாட்டப்பட்டவனும் நீதிமன்றத்தில் எதிரே நிறுத்தப்படுகிறான்; அவனுக்கு விளங்காத மொழியாயின் மொழிபெயர்ப்பாளர் அமர்த்தப்படுகிறார். வீடு வீடாகச் செல்லும் இரகசியச் சொல்லின் முன்னே, குற்றம் சாட்டப்பட்டவன் தனக்கு வழக்கு இருப்பதையே அறியான். அறிவதற்குள் தீர்ப்பும் தண்டனையும் நிறைவேறிவிடுகின்றன.

எனவே, நாம் ஓர் அளவுகோலை முன்வைக்கிறோம். யாரைப் பற்றிப் பேசுகிறோமோ, அவர் வந்து படித்து மறுமொழி சொல்லக்கூடிய இடத்தில் பேசுவதே அறம். அவ்வாறு பேசத் துணியாத சொல்லை அயலான் வீட்டுக்கு அனுப்பவும் நமக்கு உரிமையில்லை. பலகையின் சிறப்பு இங்கேதான் விளங்குகிறது. பலகையில் பொய்யும் அதன் மறுப்பும் அருகருகே தொங்கும். ஒன்றைப் படிப்பவன் மற்றதையும் படிப்பான். கடிதத்திலோ பொய் ஒரு வழியிலும் மறுப்பு வேறொரு வழியிலும் செல்கின்றன. பொய்யைப் பெற்ற பத்துப் பேரில் எத்தனை பேருக்கு மறுப்புக் கிடைத்தது என்பதை அனுப்பியவனும் அறியான். வாட்ஸ்அப் நிறுவனம் 2019ஆம் ஆண்டு ஜனவரியில், ஒரு செய்தியை ஒரே வேளையில் ஐந்து உரையாடல்களுக்கு மேல் அனுப்ப முடியாதபடி உலகெங்கும் எல்லை விதித்தது. நல்லதுதான். ஆனால் அவதூறு தட்டும் கதவுகளின் தொகையைக் குறைத்துவிட்டால் அவதூறு உண்மையாகிவிடுமா?

எழுவான்கரையில் தமிழ் ஊரும் முஸ்லிம் ஊரும் மாறி மாறி அமைந்திருக்கின்றன. ஆரையம்பதியையும் காத்தான்குடியையும் பிரிக்கும் எல்லையை வழிப்போக்கன் கவனிக்கவே மாட்டான். 1990ஆம் ஆண்டிலே துப்பாக்கி ஏந்தியவர்கள் இரு சமூகத்து எளியவர்களையும் கொன்று குவித்தார்கள். அந்த அச்சம் இன்னும் முற்றாக மறையவில்லை. இன்று கோயிலுக்கு ஒரு கைத்தொலைபேசிக் குழு, பள்ளிவாசலுக்கு ஒரு குழு, பழைய மாணவருக்கு ஒரு குழு என்று சொற்கள் தத்தம் வேலிகளுக்குள்ளேயே சுற்றுகின்றன. ஒரு வேலிக்குள் அடுத்த ஊரைப் பற்றிச் சொல்லப்படுவதை அடுத்த ஊரான் அறிவதில்லை. சந்தையில் இருவரும் ஒரே மீனுக்கு விலை பேசுகிறார்கள். ஒரே வாவியில் வலை வீசுகிறார்கள். ஒரே அறிவித்தலை அருகருகே நின்று படிக்கும் இடம் மாத்திரம் அவர்களுக்குக் குறைந்துகொண்டே வருகிறது. இந்தப் பிரிவினால் நன்மை அடைபவன் யார்? உரத்தின் விலையைப் பற்றியும் நெல்லின் விலையைப் பற்றியும் இருவரும் ஒன்றாகக் கேள்வி கேட்பதை விரும்பாதவனே.

‘பலகையும் நஞ்சைத் தாங்குமே’ என்று நண்பர்கள் வாதிக்கலாம். உண்மை. 2018ஆம் ஆண்டின் வெறுப்புப் பேச்சு மூடிய குழுக்களில் மாத்திரம் நடக்கவில்லை. முகநூலின் திறந்த பக்கங்களிலும் நடந்தது. அதற்காக அந்நிறுவனம் 2020ஆம் ஆண்டில் மன்னிப்புக் கோரியது. திறந்திருந்தால் மாத்திரம் போதாது. சுவர் யாருடையது என்றும் கேட்க வேண்டும். கூட்டம் கூடுவதையே இலாபமாகக் கணக்கிடும் முதலாளியின் சுவரிலே, ஆத்திரம் ஊட்டும் சொல்லுக்கே முதலிடம் கிடைக்கும். 1973ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பேர்க்லி நகரில் சில இளைஞர்கள், இசைத்தட்டுக் கடையொன்றின் படிக்கட்டு உச்சியில், காகித அறிவித்தல்கள் ஒட்டிய பலகைக்கு அருகே, கணினியோடு இணைந்த தட்டச்சுப் பொறியொன்றை வைத்தார்கள். ‘சமூக நினைவு’ என்பது அதன் பெயர். வழியே போகிற எவரும் அதில் எழுதலாம், தேடலாம். கணினிச் செய்திப் பலகை அவ்வாறு மக்கள் தமக்காக ஆக்கிக்கொண்ட பொருளாகவே பிறந்தது. வணிகன் பின்னர் வந்து சேர்ந்தான். கடிதங்களுக்கும் இதே கதிதான். உலகெங்கும் எத்தனையோ குழுக்களின் மடல்களைச் சுமந்த யாகூ குழுமங்கள் 2020ஆம் ஆண்டு டிசம்பரில் மூடப்பட்டன. தபாற்கந்தோர் தமக்குச் சொந்தமில்லாதவர்களின் கடிதங்கள் தபாற்கந்தோரோடு போயின.

பொது இடத்துக்கு மற்றோர் ஆபத்தும் உண்டு. 1981ஆம் ஆண்டு யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. ஓரிடத்தில் சேர்த்த அறிவை ஒரே இரவில் அழிக்கலாம் என்பதை அன்று கண்டோம். பிழைத்த நூல்கள் வீடுகளின் அலுமாரிகளில் சிதறிக் கிடந்த பிரதிகளே. 2005ஆம் ஆண்டில் தொடங்கிய நூலகம் திட்டம், அவ்வாறு தனியாரிடம் தப்பியிருந்த நூல்களையும் இதழ்களையும் தேடி எடுத்து, எவரும் வந்து படிக்கக்கூடிய எண்ணிம வடிவில் வைத்துவருகிறது. வீடு காத்ததை அரங்கம் பெற்றது. எனவே கடிதத்தையும் பலகையையும் பகைவராக்குவது அறியாமை. இரண்டும் வேண்டும், எது முந்தியது, எது பிந்தியது என்ற ஒழுங்கே முக்கியமானது.

அந்த ஒழுங்கை மட்டக்களப்புக் கூத்து நெடுங்காலமாகவே கைக்கொண்டிருக்கிறது. வடமோடியாயினும் தென்மோடியாயினும், அண்ணாவியார் மாதக்கணக்கிற் பழக்கிய கூத்து, அடுக்குப் பார்த்தலின்போது ஊரார் முன்னே குறை நிறை காணப்படும். பிறகு வட்டக் களரியில் விடியவிடிய அரங்கேறும். சுற்றிவரச் சனங்கள் இருக்கிறார்கள். ஆடுபவனுக்கு ஒளிந்துகொள்ள மூலை இல்லை. அதன் பின்னரே கூத்தர்கள் வீட்டுக்கு வீடு சென்று ஆடுவார்கள். அக்களரியிலும் பெண்கள் ஆடவில்லை, பார்க்க மாத்திரமே செய்தார்கள் என்ற குறையை நாம் மறைக்கவில்லை. அக்குறை களரியை விரிக்கச் சொல்கிறதே அன்றிக் களரியைக் கைவிடச் சொல்லவில்லை. 1792ஆம் ஆண்டு லண்டனில் தோமஸ் ஹார்டி என்ற சப்பாத்துத் தொழிலாளி தொடங்கிய கடிதத் தொடர்புச் சங்கமும் இவ்வழியிலேயே சென்றது. கிழமைக்கு ஒரு பென்னி கொடுக்கக்கூடிய எவனுக்கும் அங்கு இடமிருந்தது. உறுப்பினர் தொகைக்கு எல்லை கிடையாது. பிற நகரச் சங்கங்களுக்கு அவர்கள் கடிதம் எழுதினார்கள். ஆனால் அக்கடிதங்களுக்குப் பின்னால் கிழமைதோறும் கூடி விவாதித்த கூட்டங்கள் இருந்தன. அரசு அஞ்சியது அதனால்தான். 1794இல் ஹார்டி மீது இராசத்துரோக வழக்குத் தொடரப்பட்டது. யூரர்கள் அவரை விடுதலை செய்தார்கள்.

இன்று நாம் இந்த ஒழுங்கைத் தலைகீழாக்கிவிட்டோம். சொல் களரி ஏறாமலே வீடு வீடாக ஆடுகிறது. இதனை நேராக்குவதற்குப் பெரும் பொருள் தேவையில்லை. பாடசாலையிலும் வாசிகசாலையிலும் கூட்டுறவுச் சங்கத்திலும் எல்லோரும் படிக்கக்கூடிய ஒரு பலகை இருக்கட்டும். அது காகிதமாயினும் சரி, கணினித் திரையாயினும் சரி, அதைப் பயன்படுத்துவோரின் கையிலேயே இருக்கட்டும். தொழிற்சங்கத்தின் வரவு செலவும் கோயிற் கணக்கும் முதலில் அங்கே தொங்கட்டும். பிறகு கைத்தொலைபேசிக்குச் செல்லட்டும். பலகைக்கு வர இயலாத தாய்க்கும் நோயாளிக்கும் அதன் பிரதியை வீட்டுக்கு அனுப்புவோம். அவர்களுடைய மறுமொழியைத் திரும்ப எடுத்துவந்து அதே பலகையில் இடுவோம். அயலூரைப் பற்றிய அறிவித்தல் அயலூராருக்கு விளங்கும் மொழியிலும் இருக்கட்டும்.

மாணவர்களுக்கு இலக்கணம் கற்பிக்கும் ஆசிரியர்கள் இந்த இலக்கணத்தையும் கற்பித்தல் வேண்டும். ஒரு செய்தியை மற்றவருக்கு அனுப்ப விரல் எழும்போது, ‘இதில் பெயர் சொல்லப்பட்டவர் என் எதிரே நின்றால் இதனை உரத்து வாசிப்பேனா?’ என்று ஒவ்வொரு மாணவனும் மாணவியும் தம்மைத் தாமே கேட்கப் பழகட்டும். வாசிக்க முடியுமாயின் அனுப்பலாம். முடியாதாயின் அந்தச் சொல் இன்னும் களரி ஏறத் தகுதி பெறவில்லை. எந்த வீட்டு வாசலையும் மிதிக்க அதற்கு உரிமையில்லை.