வட்டியைப் பிள்ளையிடம் சொல்லலாமா?

எங்கள் அம்பத்தூர் பக்கம் வெளிநாட்டுப் படிப்பு பெரும்பாலும் ஒரு பத்திரத்தில்தான் தொடங்குகிறது. தொழிற்பேட்டையில் லேத் ஓட்டியோ, ஆவடி டேங்க் ஃபேக்டரியில் வேலை பார்த்தோ வாங்கிய அரை கிரவுண்டின் பத்திரம். கல்விக் கடன் ஏழரை லட்சத்தைத் தாண்டினால் வங்கிகள் பொதுவாகச் சொத்துப் பிணை கேட்கும். பட்டா, வில்லங்கச் சான்று, மூலப்பத்திரம் எல்லாம் இருந்தும், திருமுல்லைவாயல், பட்டாபிராம், பூந்தமல்லி பக்கத்துப் பழைய மனைகள் பலவற்றுக்கு லேஅவுட் அங்கீகாரம் இருக்காது. 2017-இல் அரசு கொண்டுவந்த வரன்முறைத் திட்டத்தில் பணம் கட்டி முறைப்படுத்தியவர்கள் தப்பித்தார்கள். மற்றவர்கள் வங்கி வங்கியாக அலைகிறார்கள். அந்த அலைச்சல் பிள்ளைக்குத் தெரிய வேண்டாம் என்று நினைக்கிறார்கள்.

எங்கள் தெருப் பையன் ஒருவன் ஜெர்மனியில் எம்.எஸ். படிக்கிறான். அங்கே அரசுப் பல்கலைக்கழகங்கள் பெரும்பாலானவற்றில் படிப்புக் கட்டணம் இல்லை. ஆனால் விசாவுக்கு முன்பே ஓராண்டுச் செலவைப் ப்ளாக்ட் அக்கவுண்டில் போட்டுக் காட்ட வேண்டும். 2024 செப்டம்பரிலிருந்து அது 11,904 யூரோ. மாதம் 992 யூரோதான் கைக்கு வரும். அறை வாடகை, மருத்துவக் காப்பீடு போக மிஞ்சுவதில்தான் சாப்பாடு, பஸ், புத்தகம் எல்லாம். கடனோ ரூபாயில் வாங்கியது. யூரோ ஏறினால் இங்கிருந்து அனுப்பும் அதே பணம் அங்கே குறைந்து போய்ச் சேரும்.

ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் அம்மா, “சாப்டியாப்பா?” என்பார். “ஆச்சும்மா” என்பான். மாதக் கடைசியில் வெறும் பிரெட்டில் ஓட்டுவதை என் மகனிடம் மட்டும் சொல்லியிருக்கிறான். இந்தப் பக்கம், ஓய்வு பெற்ற அப்பா மறுபடி ஒரு கம்பெனியில் நைட் ஷிஃப்ட் போகிறார். “அவன்கிட்ட சொல்லிடாதீங்க, படிக்கிற புள்ள மனசு உடைஞ்சிடும்” என்று எங்களுக்கெல்லாம் கண்டிப்பான உத்தரவு. படிக்கும் காலத்தில் தவணை கிடையாது, உண்மைதான். வட்டி நிற்பதில்லையே! 20 லட்சத்துக்கு 10 சதவீதம் என்றால் ஆண்டுக்கு 2 லட்சம். அதைத்தான் அவர் இரவு முழுக்கக் கண் விழித்து அடைக்கிறார்.

இரண்டு பக்கமும் பாசம்தான், சந்தேகமே இல்லை. ஆனாலும் இந்த மௌனம் தவறு என்றே எனக்குப் படுகிறது. வீட்டு நிலைமை தெரியாத பிள்ளை, படிப்பு முடிந்ததும் ஆறு மாதம் நல்ல வேலைக்காகக் காத்திருக்கலாம் என்று நினைப்பான். பிள்ளையின் நிலைமை தெரியாத பெற்றோர், அடுத்த மாதமே சம்பளம் வரும் என்று நம்பி இன்னொரு கடன் வாங்குவார்கள். கேட்கக் கூச்சப்பட்டு, அனுமதித்த நேரத்துக்கு மேல் பகுதிநேர வேலை பார்க்கும் பிள்ளைகளும் உண்டு. பிரிட்டனில் பட்டப்படிப்பு மாணவருக்கு வகுப்புகள் நடக்கும் பருவத்தில் வாரம் 20 மணி நேரம்தான் அனுமதி. மீறினால் விசாவே போகலாம். இருபத்திரண்டு வயதில் தனியாக ஒரு நாட்டில் போய் வாழ முடிகிறவனுக்கு, வட்டிக் கணக்கைத் தாங்கவும் முடியும்.

இந்த ஆண்டு பிள்ளையை அனுப்பப் போகிறவர்களுக்கு என் வேண்டுகோள் ஒன்றுதான். விமானம் ஏறும் முன் ஒரு நாள் சாயங்காலம் வங்கியின் கடன் கடிதத்தை நடுவில் வைத்து, வீட்டில் எல்லோரும் சேர்ந்து கடைசிப் பக்கம் வரை படியுங்கள். யார், எப்போது, எவ்வளவு கட்டப் போகிறோம் என்பதைப் பிள்ளையின் கையாலேயே எழுத வையுங்கள்.